கோலம் தெரிகிற உயரம்

ஜன்னலோர சீட்டுக்காகத் துண்டு போடாமல் நான் ஏறிய வண்டி வாழ்நாளில் ஒன்றுதான். அது வாயுதூத் கம்பெனியின் டோர்னியர் விமானம். பத்தொன்பது பேர் உட்காரலாம். இடப்பக்கம் ஒற்றை இருக்கை, வலப்பக்கம் ஒற்றை இருக்கை, நடுவே ஆள் குனிந்து போகிற சந்து. எங்கே உட்கார்ந்தாலும் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. இன்னொரு சௌகரியமும் உண்டு. டோர்னியருக்கு இறக்கை தலைக்கு மேலே. பெரிய விமானங்களில் ஜன்னல் கிடைத்தாலும் பாதிப் பேருக்குக் கீழே தெரிவது இறக்கைத் தகரம்தான். இதில் இறக்கை பந்தல்போல மேலே நிற்க, கண்ணுக்கும் பூமிக்கும் நடுவே மறைப்பில்லை.

மார்கழி மாதம். சென்னையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நெய்வேலிச் சுரங்கத்து கன்வேயர் பெல்ட்டுக்கு ஓர் உதிரிபாகம் அவசரமாகப் போக வேண்டியிருந்தது. பஸ் என்றால் பாதி நாள் போய்விடும். முதலாளி நாலு தரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் விமானத்துக்கு டிக்கெட் எடுத்தார். "உன் ஊரும் அங்கதானேடா. குடுத்துட்டு ஆயாவையும் பாத்துட்டு நாளைக்கு பஸ்ல வந்துரு" என்றார். செங்கல் அளவுக்கு ஒரு பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். ராஜாவாகப் பயணம் போனது அந்தப் பொட்டலம்தான். நான் அதற்குத் துணை.

என் ஊர் முத்தாண்டிக்குப்பம். நெய்வேலிக்குப் பக்கம், முந்திரியும் பலாவும் சூழ்ந்த செம்மண் ஊர். சுரங்க நிறுவனம் கட்டிய விமான ஓடுதளம் நெய்வேலியில் இருந்தது. எப்போதாவது யாராவது பெரிய மனிதர் வந்து இறங்குவார். அந்தச் சத்தம் கேட்டால் முந்திரிக்கொல்லையில் வேலையாக இருக்கிறவர்கள்கூட மரத்தடியை விட்டு வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்ப்பார்கள். மரத்தடியில் நின்றால் ஆகாயம் தெரியாது. முந்திரி அப்படி அடர்ந்து கவிந்திருக்கும். ஆகாயத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டித்தடத்துக்கு வர வேண்டும். நாங்கள் தடத்துக்கு ஓடிவருவதற்குள் விமானம் போய்விட்டிருக்கும். சிறுவயதில் நான் பார்த்த விமானங்கள் எல்லாம் வால்கள்தான்.

வாயுதூத் 1981இல் தொடங்கியது. வடகிழக்கு மாநிலங்களின் எட்டாத ஊர்களுக்காக ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து ஆரம்பித்தன. பிறகு அது நாடெங்கும் சின்ன ஊர்களைத் தேடிப் போனது. ஜெர்மானியர் வடிவமைத்த டோர்னியரை, உரிமம் வாங்கிக் கான்பூரில் ஹெச்.ஏ.எல். நிறுவனம் கட்டியது. குட்டையான ஓடுதளம் அதற்குப் போதும். சென்னையிலிருந்து நெய்வேலிக்கு ஆகாய வழியில் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ஒரு காபியை ஆற்றி ஆற்றிக் குடித்து, பேப்பரை ஒரு புரட்டுப் புரட்டுகிற நேரம்தான்.

பஞ்சும் மிட்டாயும் தந்தார்கள். பஞ்சு காதுக்கு. டோர்னியரின் இரண்டு இன்ஜினும் சேர்ந்து போடுகிற சீழ்க்கையில் பக்கத்து மனிதரிடம் பேச முடியாது. அது எனக்கு நல்லதாகப் போயிற்று. பேச்சுத்துணை இல்லாத இடத்தில் கண்ணுக்கு வேலை கூடும்.

ஓடுதளத்தில் அது ஓடியது கொஞ்ச தூரம்தான். குளிர்ந்த காற்று அடர்த்தியான காற்று. சித்திரை வெயிலில் இளைத்துப் போகும் காற்று மார்கழிக் காலையில் கெட்டித்தயிர்போல இருக்கும். இறக்கைக்கு அதில் நல்ல பிடிமானம். வாடைக்காற்றை எதிர்த்துக் கிழக்கே எழும்பி, கடலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, வலப்பக்கம் சாய்ந்து திரும்பியது. சாய்ந்த பக்கம் என் ஜன்னல். பள்ளிக்கரணைச் சதுப்பு ஒரு தாம்பாளம்போல என்னை நோக்கி நிமிர்ந்து வந்தது. கோரை மூடிய இடம், திறந்த தண்ணீர், நடுவே திட்டுத்திட்டாகப் பச்சை. தண்ணீரில் எங்கள் விமானம் எங்காவது தெரிகிறதா என்று தேடினேன். தெரியவில்லை.

பல்லாவரம் பக்கத்தில்தான் 1910இல் தாஞ்சலிஸ் என்கிற மவுண்ட் ரோடு ஓட்டல்காரர், சிம்சன் கம்பெனியில் செய்வித்த விமானத்தை ஓட்டிப் பார்த்தார். பிறகு தீவுத்திடலில் காசு வசூலித்துச் சனங்களுக்குப் பறந்து காட்டினார். 1920களின் கடைசியில் நெவில் வின்சென்ட் என்ற விமானி இந்தியாவில் ஊர் ஊராகப் போய், கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை மேலே கூட்டிப்போய் இறக்கினார். இதே வின்சென்ட்தான் 1932 அக்டோபரில், ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலை அங்கிருந்து சென்னைக்கு ஓட்டிவந்தவர். அவரிடம் காசு கொடுத்து ஏறியவர்களுக்குப் போய்ச்சேர வேண்டிய ஊர் எதுவும் இல்லை. ஏறின இடத்திலேயே இறங்குவதற்காக ஏறினார்கள். மேலே போனதும் அவர்கள் தேடியது தங்கள் வீட்டுக்கூரையைத்தான் என்று பந்தயமே கட்டுவேன். தெரியாத ஊரை மேலிருந்து பார்ப்பது படம் பார்ப்பதுபோல. தெரிந்த ஊரைப் பார்ப்பது தன் கையெழுத்தை வேறொருவர் படிக்கக் கேட்பதுபோல.

தாம்பரம் தாண்டியதும் ஏரிகள் தொடங்கின. மழை நின்று சில வாரம்தான் ஆகியிருந்தது. எல்லா ஏரியும் நிறைந்திருந்தது. கரைமேல் நடந்து பார்த்தவனுக்கு ஏரி என்பது ஒரு பக்கம் கரை, மறுபக்கம் கண்ணுக்கெட்டாத தண்ணீர். மேலிருந்து பார்த்த பிறகுதான் அதன் வடிவம் புரிந்தது. கரை இருக்கிற பக்கம் வில்லாக வளைந்து, ஒரே கோட்டில் வெட்டினதுபோல இருக்கிறது. எதிர்ப்பக்கம் முழுக்கக் கிழிசல். தண்ணீர் மேட்டுநிலத்துக்குள் விரல் விரலாக நுழைந்து, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி புல்லாகி, சேறாகி, வயலாகிவிடுகிறது. வில் மனுஷன் போட்டது. கிழிசல் மழை போட்டது. பெரும்பாலான ஏரிகளுக்கும் வில் கிழக்குப் பக்கமே இருந்தது. நிலம் கடலை நோக்கிச் சரிவதால் மேற்கிலிருந்து வரும் தண்ணீரைக் கிழக்கே மறிக்க வேண்டும். ஒரு ஏரியின் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்கும், அது வழிந்து அதற்கடுத்ததற்கும் போகிற கால்வாய்கள், தாலிச்சரடில் கோத்த குண்டுமணிகளுக்கு நடுவே தெரியும் நூல்போல மெல்லிசாய் மின்னின.

சூரியன் ஒரு பனை உயரத்தில் இருந்தது, இடப்பக்கம். தெற்கும் மேற்குமாக நாங்கள் போய்க்கொண்டிருந்ததால் வெயில் ஒரு பக்கத்து ஜன்னல்கள் வழியாக வந்து சந்தைத் தாண்டி என் பொட்டலத்தின் மேல் விழுந்தது. ஒற்றை இருக்கை விமானத்தில் ஒரு லாபம், அக்கம்பக்கத்தாரின் ஜன்னலையும் நாமே அனுபவிக்கலாம். அந்தப் பக்கத்து ஜன்னலில் பார்த்தால் வயல்கள் ஒவ்வொன்றாகத் தீப்பிடித்து அணைந்துகொண்டிருந்தன. சம்பா நெல் நின்ற வயலில் பயிருக்குக் கீழே தண்ணீர் இருப்பது சாதாரணமாய்ப் பார்த்தால் தெரியாது. பச்சைதான் தெரியும். சூரியனும் தண்ணீரும் நம் கண்ணும் சரியான கோணத்தில் சேர்கிற ஒரு நொடியில் மட்டும் அந்தப் பச்சைக்கு அடியிலிருந்து வெள்ளி பளீரென்று எழுந்து, அடுத்த நொடி அடுத்த வயலுக்குத் தாவிவிடுகிறது. யாரோ ஒருவர் கையில் கண்ணாடி வைத்துக்கொண்டு தரையில் எங்களுக்கு ஈடாக ஓடிவருவதுபோல இருந்தது. ஏரிக்கு வந்தால் அந்த வெளிச்சம் அகலமாகும். பாலாற்றுக்கு வந்ததும் ஒடுங்கி, மணலுக்கு நடுவே ஓடிய ஒரு முழ அகலத் தண்ணீரைத் தொட்டுவிட்டு அக்கரைக்குத் தாண்டியது.

என் பக்கத்தில் வேறொரு காட்சி நடந்துகொண்டிருந்தது. எங்கள் நிழல்.

கிளம்பிய புதிதில் அது விமானமாகவே இருந்தது. பதினேழு மீட்டர் இறக்கை, வால், எல்லாம் தெரிந்தது. உயரம் ஏற ஏற ஓரம் கரைந்து, இறக்கை மறைந்து, கடைசியில் நிழலே இல்லாமல் போயிற்று. ஆனால் நிழல் இருந்த இடத்தில் ஒரு வெளிச்சம் மிச்சமிருந்தது. முதலில் கண்ணாடியில் ஏதோ கறை என்று துடைத்தேன். கறை இல்லை. நெல்வயல்களின் மேல், விமானத்துக்கு நேர் எதிரே, ஒரு வட்டமான வெளுப்பு எங்களோடு வந்துகொண்டிருந்தது. சவுக்குத்தோப்புக்கு மேல் மங்கியது. காய்ந்த மணலில் காணாமல் போயிற்று. பனி படிந்த பயிருக்கு வந்ததும் மறுபடி பிறந்தது.

காரணம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இலை நுனியில் நிற்கும் ஒவ்வொரு பனித்துளியும் ஒரு குட்டி லென்ஸ். தன்மேல் விழும் வெயிலைக் குவித்து இலையில் பாய்ச்சி, வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறவன் கண்ணுக்குத்தான் அந்த வெளிச்சம் வரும். அதனால் அவனுடைய நிழலின் தலையைச் சுற்றி மட்டும் பிரகாசம் தெரியும். மார்கழிக் காலையில் வரப்பில் நடக்கிறவன் தன் தலைநிழலைப் பார்த்தால் தரையிலேயே இதைக் காணலாம். இதில் ஒரு விசேஷம் உண்டு. எனக்குத் தெரிகிற ஒளிவட்டம் என் தலையைச் சுற்றியது. முன் சீட்டுக்காரருக்குத் தெரிவது அவர் தலையைச் சுற்றியது. பக்கத்தில் நடந்து வருகிறவனின் தலைக்கு ஒளி இருப்பதாக நம் கண்ணுக்குத் தெரியாது. சாமி படங்களில் இருக்கும் ஒளிவட்டத்தை எல்லாருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு, அடுத்தவனுடையது தெரியாதபடி வைத்திருக்கிறது பனித்துளி.

மதுராந்தகம் ஏரி வலப்பக்கம் வந்தது. சிறிது தள்ளி வேடந்தாங்கல் இருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் அங்கே கிளைக்குக் கிளை பறவை. அந்த உயரத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. டோர்னியரின் உட்புறத்தில் காற்றை அழுத்திவைக்கும் ஏற்பாடு கிடையாது. அதனால் மூச்சுமுட்டும் உயரத்துக்கு அது போவதில்லை. ஐந்தாயிரம், ஆறாயிரம் அடி. பஸ்ஸைப் பார்த்தால் பஸ் என்று சொல்லலாம், லாரியைப் பார்த்தால் லாரி என்று சொல்லலாம். வைக்கோல்போரும் கோயில் குளத்தின் படிகளும் தெரியும். மனிதர் தெரியமாட்டார், அவர் நிழல் தெரியும். காலையில் நிழல் ஆளைவிட நீளமாயிற்றே. கள்ளிமேட்டில் ஆடு மேய்கிற இடத்தில் ஆடுகளைக் காணோம், சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகள் மட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நகர்ந்தன. பனைகளும் அப்படித்தான். மேலிருந்து பனை ஒரு பொட்டு. அதன் நிழலோ கொண்டையும் தண்டுமாக முழுப்பனை. உச்சிவேளையில் பறந்திருந்தால் இந்த நாட்டில் பனை இருப்பதே தெரிந்திருக்காது.

தண்ணீரும் நிழலுமாகப் பார்த்துக்கொண்டு வந்ததில் புதுச்சேரி எப்போது இடப்பக்கம் போயிற்று என்று கவனிக்கவில்லை. ஊசுட்டேரியை மட்டும் அடையாளம் கண்டேன். வலப்பக்கம் எங்கோ திருவக்கரை. அங்கே கல்லாகிப்போன மரங்கள் தரையில் கிடக்கின்றன. இரண்டு கோடி வருடத்து மரங்கள் என்கிறார்கள். பட்டையின் சுருக்கம்கூடக் கல்லில் அப்படியே இருக்கும். பள்ளியில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஆகாயத்திலிருந்து அது தெரியாதுதான். ஆனாலும் இந்தப் பயணம் எனக்கு அந்த மரங்களிலிருந்துதான் தொடங்குகிறது. வடக்கே கல்லான மரம். தெற்கே, நாங்கள் போகிற இடத்தில், கரியான மரம். இரண்டுக்கும் மேலே இப்போது நிற்கிற முந்திரி.

தென்பெண்ணை அகன்ற மணலோடு வந்தது. அடுத்து கெடிலம். இந்தப் பக்கத்து ஆறுகளில் கெடிலம் ஒரு வீட்டுப்பிள்ளை. பெண்ணையைப்போல நிமிர்ந்து நடக்காது. கரும்புக்கொல்லைகளுக்குள் புகுந்து, திருவதிகைக் கோயிலை உரசிக்கொண்டு, நினைத்த இடத்தில் திரும்பும். கரும்பு பூத்திருந்தது. கீழே நின்று பார்த்தால் கரும்புப்பூ ஒரு துடைப்பம். மேலிருந்து, சாய்ந்த வெயிலில், பச்சை வயல்மேல் யாரோ பஞ்சைத் தட்டி விட்டதுபோல ஒரு வெள்ளிப் படலம். காற்று அடித்த இடத்தில் அது ஒரு பக்கமாகப் படுத்து நிறம் மாறியது. காற்றையே கண்ணால் பார்த்தேன் என்று சொல்லலாம்.

கெடிலத்தைத் தாண்டியதும் நிறம் மாறிற்று. வண்டல் கருப்பு போய்ச் செம்மண் வந்தது. என் உடம்பு நிமிர்ந்துகொண்டது. எங்கள் நிலம்.

முந்திரியை மேலிருந்து பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். கீழே அது அழகான மரமென்று யாரும் சொல்வதில்லை. கோணலும் மாணலுமாகக் கிளை, தரையைத் தொடுகிற கொப்பு, காலைத் தடுக்கும் சருகு. மேலே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு மரமும் ஒரு விரித்த குடை. மழையில் திருவிழாக் கூட்டம் குடை பிடித்து நெருக்கியடித்து நிற்பதுபோல, குடையோடு குடை முட்டி, தரை தெரியாமல், பண்ருட்டியிலிருந்து கண்ணுக்கெட்டிய மட்டும் குடைகள். மார்கழியில் முந்திரி துளிர்க்கும். துளிர் செம்பு நிறம். அதனால் ஒவ்வொரு குடையின் விளிம்பிலும் கரை வைத்துத் தைத்ததுபோல ஒரு செம்பு ஓரம். தை பிறந்தால் அதில் பூ வரும். இடையிடையே பலா. முந்திரி கவிந்து நிற்கும், பலா நிமிர்ந்து நிற்கும். அதன் கரும்பச்சை கூட்டத்துக்கு நடுவே குடை பிடிக்காமல் நனைந்துகொண்டு நிற்கும் முரட்டு ஆள்போலத் தெரிந்தது. வண்டித்தடங்கள் செம்மண்ணில் கீறின கோடுகள். சிறுவயதில் விமானம் பார்க்க ஓடிவந்து நின்ற தடம் இதில் எதுவோ ஒன்று.

தூரத்தில் நெய்வேலியின் புகைபோக்கிகள். அவற்றின் புகையில் மார்கழியைப் படிக்கலாம். மற்ற மாதங்களில் புகை மேலே போய்ச் சுருண்டு கலையும். மார்கழி இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டின காற்றும் குளிர்ந்து, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோட்டதுபோல நிற்கும். புகையால் அந்த மூடியைத் தாண்ட முடியாது. அன்றைக்குப் புகைபோக்கியின் வாயைவிட்டுக் கொஞ்சம் எழும்பியதும் அப்படியே படுத்துப் பாய் விரித்ததுபோல மைல் கணக்கில் தட்டையாய்ப் போயிற்று. குளிர்கோபுரங்களின் நீராவி வெள்ளையாகப் பொங்கி, பக்கத்திலேயே கரைந்தது. புகை கரையவில்லை. அதற்கும் கீழே, முந்திரிக் குடைகளுக்குச் சற்று மேலே, இன்னொரு மெல்லிய படலம். அது ஊர்களின் அடுப்புப்புகை. மேல்மாடியில் அனல்மின் நிலையம், கீழ்மாடியில் வெந்நீர் அடுப்பு. இரண்டுக்கும் நடுவே தெள்ளத்தெளிந்த ஆகாயம் ஒரு பட்டையாக ஓடியது. நாங்கள் அந்த மேல்மாடியைத் துளைத்துக்கொண்டு இறங்கினோம். ஒரு நொடி ஜன்னல் பழுப்பானது, அவ்வளவுதான்.

வாடைக்காற்றுக்கு எதிராக இறங்க வேண்டுமே. அதனால் நேரே இறங்காமல், ஓடுதளத்தை இடக்கைப்பக்கம் விட்டுக் கொஞ்ச தூரம் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டியிருந்தது. விமானிக்கு அது வழக்கமான சுற்று. எனக்கு அதுதான் உல்லாசப் பயணம். ஆயிரம் அடி உயரத்தில், வலப்பக்க ஜன்னலில், எங்கள் ஊர்ப்பக்கம் வந்தது.

கோயில், பள்ளிக்கூடம், அதன் ஓட்டுக்கூரை. அவற்றை வைத்துத் தெருவைப் பிடித்தேன். தெருவில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். வீட்டுக்கொன்றாக, ஒழுங்காக, இரண்டு பக்கமும். என்னவென்று புரியச் சில விநாடி ஆயிற்று.

கோலம்!

சாணம் தெளித்த வாசல் மேலிருந்து கரும்பச்சையாகத் தெரியும். அதன்மேல் மாவு வெள்ளை. ஆயிரம் அடிக்கு மேலிருந்து பார்த்தால் ஒன்பதடிக் கோலம் ஏறக்குறைய முழுநிலா நம் கண்ணுக்குத் தெரிகிற அளவில் தெரியும். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது. மார்கழி என்பதால் எந்த வாசலும் பாக்கி இல்லை. சில நிலா பெரிது, சில சிறிது. ஒரு வீட்டு வாசலில் மட்டும் வெறும் கருப்பு. அது துக்கம் நடந்த வீடு. போன ஐப்பசியில் அந்த வீட்டுப் பெரியவர் தவறிப்போனது எனக்குக் கடிதத்தில் வந்திருந்தது. ஆகாயத்தில் பறந்துகொண்டு, ஒரு தெருவின் சாவுச்செய்தியைப் படித்தேன்.

அப்போது விளங்கியது, இந்தக் குட்டி விமானத்திடம் மனம் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது என்று. இதற்குக் கீழே போனால் தெரு தெரியாது, வாசல்தான் தெரியும். இதற்கு மேலே போனால் வாசல் தெரியாது, தேசம்தான் தெரியும். தெருவும் வாசலும் சேர்ந்து தெரிகிற உயரம் ஒன்றிருக்கிறது. பெரிய விமானங்கள் அந்த உயரத்தில் நிற்பதில்லை.

இடப்பக்கம் சாய்ந்து திரும்பினோம். என் ஜன்னலில் வெறும் ஆகாயம். எதிர் ஜன்னலில் சுரங்கம் எழுந்தது. அதற்கு முன் நகரியம். நெய்வேலியில் குடியிருப்புகளை வட்டம் என்பார்கள். ஐந்தாவது வட்டம், பதினோராவது வட்டம். மேலிருந்து பார்த்தால் ஒன்றுகூட வட்டம் இல்லை, அத்தனையும் அளவெடுத்து வெட்டின சதுரம். அதை யாராவது பார்த்துச் சிரித்திருப்பார்களா என்று தெரியவில்லை. நான் சிரித்தேன்.

சுரங்கம் சிரிப்பை நிறுத்தியது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு வந்த கறுப்புத் துகளில் தொடங்கிய கதை. 1957 மே 20 அன்று நேரு வந்து வெட்டைத் தொடங்கிவைத்தார். குழியின் ஓரம் படிப்படியாக இறங்குகிறது. அந்தப் படிகளின் நிறம் ஒரு புடவைக்கடை. மேல்படி எங்கள் கொல்லையின் அதே செம்மண். அதற்கடுத்து மஞ்சள், வெளிர்மஞ்சள், களிமண் வெள்ளை, சாம்பல். எல்லாவற்றுக்கும் அடியில், வெயில் இன்னும் இறங்காத ஆழத்தில், பழுப்புக் கரி. படிகளின் நடுவே வாளிச்சக்கர இயந்திரங்கள் தும்பிகள்போல நின்றன. ஒவ்வொன்றும் பல மாடி உயரம் என்பது எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்று கழுத்து வலிக்கப் பார்த்திருக்கிறேன். இங்கே ஒரு சீப்பால் தலை வாருவதுபோல மண்ணை வாரிக்கொண்டிருந்தன. கன்வேயர் பெல்ட் சாம்பல் நூலாகக் குழியைவிட்டு ஏறிவந்தது. அந்த நூலில் எங்கோ ஓரிடத்தில் நின்றுபோன வேலைதான் என் மடியில் இருந்த செங்கல்.

அந்தக் குழி இருந்த இடத்தில் ஊர்கள் இருந்தன. அங்கேயும் மார்கழியில் கோலம் போட்டிருப்பார்கள். இடம்பெயர்ந்தவர்களின் கதையை எங்கள் நடுநாட்டு எழுத்தாளர் கண்மணி குணசேகரன் 'வந்தாரங்குடி' நாவலில் பிற்பாடு எழுதினார். நிறங்களின் அழகை ரசித்த கண்ணுக்கு அதுவும் தெரியத்தான் வேண்டும். அந்த மேல்படிச் செம்மண் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வாசல்.

நேராகி இறங்கினோம். சூரியன் இப்போது என் பக்கம் வந்துவிட்டது. நிழல் எதிர்ப்பக்கத்துக்காரர்களுக்குப் போயிற்று. சந்தைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். கரைந்துபோன இறக்கை திரும்பக் கூடி, வால் முளைத்து, நிழல் மறுபடி விமானமாகிப் புல்மேல் எங்களோடு ஓடிவந்தது. சக்கரம் தரையைத் தொட்டதும் சீழ்க்கை தணிந்தது. கதவைத் திறந்தார்கள். முதலில் வந்தது கரிவாசனை, அடுத்து குளிர்.

பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு டவுன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனபோது பத்து மணி தாண்டியிருந்தது. ஆயா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். வாசல் கோலம் மிதிபட்டு, கோழி கிளறிப் பாதி கலைந்திருந்தது.

"மேலேர்ந்து நம்ம தெருவப் பாத்தேன் ஆயா. வாசக்கோலம் எல்லாம் தெரிஞ்சுது."

"யாரு வூட்டுக் கோலம் நல்லாருந்துது?"

"எல்லாம் வெள்ளை வெள்ளையாத்தான் தெரிஞ்சுது."

"நம்ம வூட்டுது?"

"அதுவும் அப்படித்தான் ஆயா."

ஆயா வெற்றிலையை ஒரு பக்கமாய் ஒதுக்கிக்கொண்டாள். "இருவத்தோரு புள்ளி வெச்சு நடுவுல தாமரை போட்டிருந்தேன்டா. அது தெரியலன்னா நீ சரியாப் பாக்கல. என்னாத்துக்கு அவ்ளோ காசு?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவள் கேட்டது நியாயம். இவ்வளவு நேரம் நான் நுணுக்கம் நுணுக்கமென்று பார்த்ததெல்லாம் ஆயாவின் கணக்கில் மேலோட்டம். இருபத்தோரு புள்ளியைக் காண வேண்டுமானால் குனிய வேண்டும்.

வாயுதூத் சில வருடங்களில் நின்றுபோயிற்று. 2017இல் சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தின் முதல் சுற்றில் நெய்வேலியின் பெயர் வந்தது. ஊரில் பேசிக்கொண்டார்கள். சொன்னபடி விமானம் வரவில்லை. ஆயா அதற்கெல்லாம் முன்பே போய்விட்டாள். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்று பெயர் வைத்த புயல் வந்தது. விடிந்தபோது குடைகள் எல்லாம் மல்லாந்து கிடந்தன. பலா வேரோடு சாய்ந்திருந்தது. ஊரில் முதல் தடவையாக, கொல்லைக்கு நடுவே நின்று ஆகாயத்தைப் பார்க்க முடிந்தது. அதைவிடக் கொடுமையான வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

புயலுக்குச் சில வருடம் கழித்து, மகனுடைய செல்போனில் செயற்கைக்கோள் படத்தில் ஊரைத் தேடினேன். விரலால் விரிக்க விரிக்க ஊர் கிட்டே வந்தது. எவ்வளவு கிட்டே வேண்டுமானாலும் வருகிறது, காசும் கிடையாது. கோயில், பள்ளிக்கூடம், தெரு. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றேன். வாசலில் ஒன்றும் இல்லை. பூமியைப் படமெடுக்கும் கோள்களில் பல, ஓர் ஊரின் மேல் காலை பத்து, பத்தரை வாக்கில் கடந்து போகும்படி அனுப்பப்பட்டவை. வெளிச்சம் போதுமானதாகவும் நிழல் அளவாகவும் இருக்கிற நேரம் அது. ஆனால் அதற்குள் பனி உலர்ந்துவிடும். புகை மூடியைத் திறந்துகொண்டு மேலே போய்விடும். கோழி வந்து கோலத்தைக் கிளறிவிடும்.

படத்தைத் தெருவுக்குப் பின்னால் நகர்த்தினேன். எங்கள் கொல்லை. புயலுக்குப் பிறகு வைத்த ஒட்டுக்கன்றுகள், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ரகம். பழைய மரங்கள் விழுந்த விதையில் முளைத்து இஷ்டத்துக்கு நின்றவை. இவை கயிறு பிடித்து, அடி அளந்து, வரிசை தப்பாமல் வைத்தவை. இன்னும் கிளையோடு கிளை தொடவில்லை. செம்மண்ணில் பச்சைப் புள்ளிகள், ஊர் முழுக்க, சமதூரத்தில்.

ஒரு வரிசையை எண்ணிப் பார்த்தேன். இருபத்தொன்று வரவில்லை. பத்தொன்பதுதான் வந்தது.